சப்பாத்திக்கள்ளிச் சிவப்பு

முதலியார்பேட்டை
6-3-1983

அஞ்சலாட்சி அண்ணிக்குச் செல்வாம்பாள் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள். ஈரோட்டு விலாசத்தை அண்ணனோடு மில்லில் வேலை பார்த்த ஜானகிராமனிடம் வாங்கினேன். அவர் உடனே கொடுக்கவில்லை. "எதுக்கு, இன்னும் பேச எதுனா மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். கேட்க வேண்டியதுதான்.

போன வாரம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போயிருந்தோம். கூட்டத்தில் சுலோசனா தெருப் பெண்களோடு எங்கேயோ போய்விட்டு, வாயெல்லாம் சிவப்பாக வந்து நின்றாள். மணல்மேட்டு ஓரம் சப்பாத்திக்கள்ளியில் பழம் பறித்துத் தின்றார்களாம். மறுநாள் காலை தோட்டத்துப் பக்கம் ஒன்றுக்குப் போனவள், "அம்மா, அன்னிக்கு மாதிரியே போவுது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். அதே சிவப்பு.

அந்த நேரம் பார்த்து மீன் கொண்டுவரும் வீராயி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்துச் சிரித்தாள். சப்பாத்திப் பழம் தின்றால் அப்படித்தான் போகும், குப்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி என்றாள். நான் நம்பவில்லை. அவளையே பழம் கொண்டுவரச் சொல்லி, முள்ளைத் தேய்த்து எடுத்துவிட்டு நாலு பழம் நானே தின்றேன். மறுநாள் காலை எனக்கும் அப்படித்தான். எழுதக் கூசுகிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனி மாதம் என் சின்னவனுக்குக் காதுகுத்து. நீங்கள் நாலு நிறத்தில் பிஸ்கோத்து சுட்டு, டின்னில் அடுக்கிக் கொண்டுவந்தீர்கள். மஞ்சள் மாம்பழம், ஊதா நாவல், வெள்ளை எலுமிச்சை. சிவப்பு என்ன பழம் என்று கேட்டேன். பிரான்சிலிருந்து டப்பாவில் வருகிற பிரம்புவாஸ் என்றீர்கள். பிள்ளைகள் சிவப்பை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். மறுநாள் சுலோசனாவுக்கும் தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் ரத்தமாகப் போகிறது என்று கூச்சல்.

அண்ணன் மில்லில் சாயப் பிரிவில் இருந்தார். ரெண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் வாசலில் நின்று, "மில்லு சாயத்த மாவுல கலந்து எம்புள்ளயக் கொல்லப் பாத்தியே" என்று கத்தினேன். பிஸ்கோத்து சுட்டு ஆற வைத்திருந்த மணல் டேக்சாவைக் காலால் தள்ளினேன். நீங்கள் கையில் மாவோடு நிலைப்படியில் நின்றீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ளவள்தான் பேசாமல் நிற்பாள் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

என் பேச்சு மில் வரைக்கும் போனது. அண்ணன் சாயம் திருடுகிறவர் ஆனார். வேலையை விட்டார், ஊரை விட்டார். எல்லாம் என் வாயால்.

அந்தச் சிவப்பு இந்தப் பழம்தானா அண்ணி? ஒரு வரி எழுதினால் போதும்.

செல்வாம்பாள்


ஈரோடு
14-3-1983

செல்வா,

கடிதம் கிடைத்தது. ஆமாம். அந்தப் பழம்தான்.

உன் அண்ணன் இங்கே சாயப் பட்டறைக்குப் போகிறார். தினமும் முழங்கை வரைக்கும் ஒரு நிறத்தோடு வருவார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். பிஸ்கோத்து சுடுவதில்லை.

நடந்தது நடந்துவிட்டது. நீ யாரிடமும் எதையும் சொல்லப் போகாதே. மில் பக்கமும் போகாதே. கிளறினால் நல்லது எதுவும் வராது. இனிமேல் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கீழே உள்ள பள்ளிக்கூட விலாசத்துக்கு என் பெயருக்கு எழுது. உன் அண்ணன் இதையெல்லாம் படிக்க வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
20-3-1983

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் தாமதமாக வந்துவிட்டது. நான் சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கடிதம் போட்ட மறுநாளே சொல்லிவிட்டேன்.

உங்கள் தெருக் குழாயடிக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் போய், "அன்னிக்கு எங்க அண்ணியப் பத்தி நான் கத்துனது பொய்யி. அது சாயம் இல்ல, பழம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சிலர் குடத்திலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை. தெய்வசிகாமணி வீட்டுக்காரி மட்டும், "இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றாள்.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கும் போனேன். அரை நாள் உட்கார வைத்த பிறகு ஒருவர் அண்ணன் பேர் இருந்த காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். கலியமூர்த்தி மேல் புகார் என்று எழுத்தில் எதுவும் கிடையாது, விசாரணையும் கிடையாது, அவராகவே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். "எழுத்துல ஒண்ணுமே இல்லியேம்மா. நான் எத அடிச்சுத் திருத்துறது?" என்று கேட்டார். எழுந்து வந்தேன்.

இப்போது நான் உங்களை ஒன்று கேட்க வேண்டும். எனக்குக் கேட்க யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பழம்தான் என்று உங்களுக்குத் தெரியும். தின்றால் இப்படிப் போகும் என்பதும் தெரியாமலா இருக்கும்? நீங்கள் பாகூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். நான் கத்திக்கொண்டு நின்றபோது, "இது சப்பாத்திப் பழம்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேனே. அண்ணன் வேலை பிழைத்திருக்குமே. ஏன் அண்ணி வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்? ராத்திரி பகல் இதே நினைப்பாக இருக்கிறது. சில நேரம் உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. கோபம் வந்ததும் வெட்கமாகிவிடுகிறது.

இன்னொன்று. ஜானகிராமனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பங்குனிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு வருகிறாராம். அண்ணனை நேரில் பார்த்துச் சொல்லப்போவதாக இருக்கிறார்.

செல்வாம்பாள்


ஈரோடு
26-3-1983

செல்வா,

ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று கேட்டாய். உன் அண்ணனிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

நான் சுட்டதெல்லாம் பெரிய அடுப்பில் இல்லை, உனக்கே தெரியும். பழைய டேக்சாவில் சலித்த கடல் மணலைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காயவைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டு. மூடி மேல் கொஞ்சம் கங்கு. டம்ளர் வாயால் வெட்டினால் வட்டம். பூவாக வெட்டுவதற்கு டால்டா டப்பாத் தகரத்தை வளைத்துக் கொடுத்தவர் உன் அண்ணன். பழத்தை மாவிலேயே பிசைந்தால் வெந்ததும் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். நாலைந்து தடவை கெடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் சுட்டு ஆறவிட்டு, சாற்றைப் பிழிந்து, காய்ச்சாமல் அப்படியே சர்க்கரைப் பொடியில் குழைத்து மேலே கெட்டியாகப் பூசினேன். நிறம் நின்றது. வாசனையும் நின்றது.

சிவப்புக்கு மட்டும் பழம் கிடைக்கவில்லை. வைத்திக்குப்பம் மணல்மேட்டில் சப்பாத்திக்கள்ளி காய்த்துக் கிடந்தது. விடிந்ததும் போய் இடுக்கியால் பறித்து வருவேன். அந்த இடம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். விடிகாலையில் ஜனங்கள் ஒதுங்குகிற இடம். கழுவித்தான் எடுப்பேன், ஏழு தண்ணீர் கழுவுவேன். ஆனாலும் அந்த இடம் அந்த இடம்தான். விரலெல்லாம் சின்னச் சின்ன முள் ஏறிவிடும். உன் அண்ணன் கேட்டால் மீன் முள் என்பேன்.

சொல்தா வீட்டு மதாம் விக்தோர்தான் முதலில் நிறைய வாங்கினாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சிவப்பைக் கடித்துவிட்டு, "பிரம்புவாஸா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அது என்ன பழம் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அதற்கப்புறம் நாலு வீட்டு மதாம்கள் கேட்டார்கள். தெருவிலும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். மில் தொழிலாளி பெண்டாட்டி பிரான்சுப் பழத்தில் பிஸ்கோத்து சுடுகிறாள் என்று பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது. பொய் என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

நீ வந்து கத்தியபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூட்டத்தில் மதாம் வீட்டுச் சமையற்காரி வேம்பு நின்றாள். மதாமுடைய பேத்திக்கு மாதா கோயிலில் புதுநன்மை, அந்த விசேஷத்துக்குப் பிஸ்கோத்து சொல்ல வந்தவள். அவளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மலம் கழிக்கிற மேட்டில் பறித்த பழத்தை இத்தனை வீடுகளுக்குக் கொடுத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? சாயம் என்று நீ சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள், ரெண்டு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. ஷிப்டு விடும்போது உன் அண்ணனை மட்டும் வரிசையிலிருந்து தனியாக நிறுத்தினார்கள். டிபன் கேரியரை அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தார்கள். வேட்டியை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னும் ஒன்று இருக்கிறது செல்வா. நீ கத்திவிட்டுப் போன அன்று மத்தியானம் அவர் என்னிடம், "எங் கையில ஒட்டியிருந்த சாயம் எதுனா மாவுல பட்டிருக்குமா?" என்று கேட்டார். அவர்தான் சில நாள் எனக்கு மாவு பிசைந்து கொடுப்பார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "தெரியலியே" என்றேன்.

அதிலிருந்து அவர் தன் கையால்தான் நாலு பிள்ளைகளுக்கு அப்படி ஆனது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வேட்டியை உதறும்போதும் அதை நினைத்துக்கொண்டுதான் பேசாமல் உதறியிருக்கிறார். இன்றும் சோற்றில் கை வைக்கும் முன் மூன்று தடவை சோப்புப் போடுகிறார். நான் பார்த்துக்கொண்டு பரிமாறுகிறேன்.

நீ தெருவில் நின்று சொல்லிவிட்டாய். எனக்கு என் வீட்டுக்குள்ளேயே சொல்ல வரவில்லை.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
30-3-1983

அண்ணி,

கடிதம் படித்தேன். உங்களைக் கேள்வி கேட்டு எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்ன பிறகு நான் மறைப்பது நியாயமில்லை. முதல் கடிதத்திலேயே எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது.

அன்று சுலோசனாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூத்திரத்தைச் சோதித்து மூன்றாம் நாள் சீட்டு கொடுத்தார்கள். ரத்தம் இல்லை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மா, "ஏதாவது சிவப்புப் பழம் சாப்பிட்டாளா?" என்றுகூடக் கேட்டார். அப்போதும் எனக்குப் பிரம்புவாஸ் ஞாபகம் வந்தது அண்ணி. வந்தது. பழமும் பார்த்ததில்லை, நாமாக எதையோ சொல்லி அசடாகிவிடுவோமோ என்று, இல்லை என்றேன். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டேன். வீட்டுக்காரரிடம்கூட, மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன். தெருவில் அவ்வளவு கத்திய பிறகு, ஒன்றுமில்லை என்று போய் எப்படிச் சொல்வது?

அண்ணனை முதன்முதலில் கேட்டில் நிறுத்தியது ஐந்தாம் நாள். அதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும்.

ஜானகிராமன் அடுத்த வாரக் கடைசியில் புறப்படுகிறார். அவர் வாயால் அண்ணன் கேட்கக்கூடாது. நீங்கள் சொல்லிவிடுங்கள். என் சீட்டு விஷயத்தையும் சொல்லுங்கள். முடியாவிட்டால் விடுங்கள், அதை நானே சொல்கிறேன்.

செல்வாம்பாள்


ஈரோடு
9-4-1983

செல்வா,

சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்காரும் முன்னால் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ரெண்டாவது தடவை சோப்பை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். மேடு, மதாம், வேம்பு, எதையும் விடவில்லை. உன் சீட்டை மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "அப்ப எங் கையில ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"கேட்டுல நான் நின்னப்பவும் உனக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பட்டறைக்குப் போனார், வந்தார். வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சண்டையும் இல்லை. நான் எதிரே வந்தால் பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சோறாக்கி மூடி வைப்பேன், அப்படியே இருக்கும்.

இன்று காலை ஒரு பையில் ரெண்டு வேட்டியை வைத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கேதான் வருவார் என்று நினைக்கிறேன். வந்தால் ஒரு வரி போடு. வராவிட்டாலும் போடு. திரும்பி இங்கே வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. வரச் சொல்லி நீ எதுவும் பேசாதே. பேசும் இடத்தில் நான் இல்லை.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
13-4-1983

அண்ணிக்கு,

அண்ணன் இங்கேதான் இருக்கிறார். பயப்படாதீர்கள்.

சனிக்கிழமை ராத்திரி வந்து, ஈரோட்டுக்குப் புறப்பட இருந்த ஜானகிராமன் வீட்டில் தங்கியிருக்கிறார். இங்கே வந்தது திங்கட்கிழமை காலை. வாசலில் ஆள் நின்றதும் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. ரொம்ப இளைத்துவிட்டார். காலில் விழப்போனேன், நகர்ந்துகொண்டார். உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே சீட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்தார். "மூணாம் நாளா?" என்று மட்டும் கேட்டார். மூணாம் நாள் என்றேன். தலையை ஆட்டினார்.

நேற்று சாயங்காலம் ஷிப்டு விடும் நேரத்துக்கு மில்லுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பின்னாலேயே போனேன். கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரமாக நின்றார். கூட்டம் முழுக்கக் கலைந்து போகும் வரைக்கும் நின்றார். காவல்காரர் அம்மாவாசை கூண்டிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். பதினோரு நாளும் அண்ணன் வேட்டியை உதறச் சொன்னவர் அவர்தான்.

அண்ணன், "நான் எடுக்கல" என்றார்.

அம்மாவாசை பக்கத்தில் வந்து நின்றார். "தெரியும் கலியமூர்த்தி. அப்பவே தெரியும். சாயம் வெளிய போவணும்னா எந்த வழியா போவும்னு எனக்குத் தெரியாதா? மேல சொன்னாங்க, செஞ்சேன்" என்றார். டீ சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டார். அண்ணன் போகவில்லை.

திரும்பி வரும்போது சோனாம்பாளையம் தாண்டினோம். அப்புறம் அண்ணன் நடந்துகொண்டே சொன்னார்: "உங்கண்ணிக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மாவாசைக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல." கோபமாகச் சொல்லவில்லை அண்ணி. கணக்குப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார்.

ராத்திரி சோறு போட்டேன். ஒரு தடவைதான் கை கழுவினார். சுலோசனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இது வரைக்கும் இன்று காலை எழுதியது. அவர் குளித்துவிட்டு வந்து, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உங்களுக்கு என்றேன். காகிதத்தை வாங்கிப் படிப்பார் என்று பயந்தேன். படிக்கவில்லை. எதிரே உட்கார்ந்தார். உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம வர்றேன்னு எழுது" என்றார். நான் பேனாவை எடுத்ததும், "அத மட்டும் எழுது. நீயா ஒண்ணும் சேக்காத" என்றார்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் இதற்குக் கீழே நானாக எதையும் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார்.

செல்வாம்பாள்